கல் எடுத்த குழியில் ஒரு காடு

(வானொலி கிராம நிகழ்ச்சியில் ஒலிபரப்பான பேச்சு)



நம்ம பக்கத்தில் கல்குவாரி இல்லாத தாலுகாவைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். வெடிச் சத்தமும், ஜல்லி லாரி கிளப்புகிற புழுதியும் நான் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. நாலு பேருக்கு வேலை கிடைக்கிறது, ஊரில் கொஞ்சம் காசு புழங்குகிறது. கிணறு வற்றுகிறது, பயிர்மேல் வெள்ளையாகத் தூசி படிகிறது என்ற புகாரும் கூடவே இருக்கிறது. அந்த வழக்கைப் பற்றிப் பேச இன்று நான் வரவில்லை. கல் தீர்ந்த பிறகு என்ன என்பதுதான் இன்றைய பேச்சு.

கல் தீர்ந்தால் குத்தகைக்காரர் மிஷினை லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விடுவார். குழி ஊரோடு தங்கிவிடும். மழைத்தண்ணீர் நிற்கும். ஆழம் தெரியாது. எங்கள் ஊருக்குக் கிழக்கே அப்படி ஒரு குழி உண்டு. நான் எட்டாவது படிக்கும்போது, ஒரு சித்திரை மாத மத்தியானம், என்னோடு படித்த பையன் ஒருத்தன் மாட்டைக் கரையில் விட்டுவிட்டுக் குளிக்க இறங்கினான். மாடுகள் மட்டும்தான் சாயந்திரம் வீடு திரும்பின. அந்தக் குழி இன்னும் அப்படியே, ஒரு வேலிகூட இல்லாமல் கிடக்கிறது. "அது குழிங்க, அதை என்ன செய்யறது?" என்பதுதான் ஊரில் எல்லாருடைய பதிலும். நானும் வெகுகாலம் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

செய்ய முடியும் என்று காட்டிய ஓர் இடம் இருக்கிறது. நம்ம ஊரில் இல்லை, கடலுக்கு அப்பால், ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரையில். ஆனால் அங்கே வேலை செய்தது நமக்கு நன்றாகப் பழகிய ஒரு மரமும், நாம் காலால் தள்ளிவிட்டுப் போகிற ஒரு பூச்சியும். அதனால்தான் இந்தக் கதையை உங்களிடம் சொல்லத் தோன்றியது.

கென்யா நாட்டில் மொம்பாசா என்று ஒரு பெரிய துறைமுகம். அதற்கு வடக்கே கடலோரமாகப் பம்புரி என்ற இடம். அங்கே மண்ணுக்கு அடியில் இருப்பது பவளப்பாறை. எத்தனையோ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னால் கடலுக்குள் வளர்ந்த பவளம், கடல் பின்வாங்கியபோது தரையாகி, சுண்ணாம்புக் கல்லாக இறுகிவிட்டது. சுண்ணாம்புக் கல் இருக்கிற இடத்தில் சிமெண்ட் ஆலை வருவது வழக்கம்தானே? 1951-ல் அங்கே ஒரு சிமெண்ட் கம்பெனி தொடங்கப்பட்டது. 1954-ல் ஆலை உற்பத்தியை ஆரம்பித்தது. ஒரு டன் சிமெண்டுக்கு ஏறக்குறைய ஒன்றரை டன் சுண்ணாம்புக் கல் வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள், வருஷத்துக்கு எவ்வளவு கல் போயிருக்கும் என்று. மேல்மண்ணை வழித்து, பாறையை வெடித்து, நிலத்தடித் தண்ணீருக்குச் சற்று மேலே வரைக்கும் எடுத்துக்கொண்டே போனார்கள்.

இருபது வருஷத்தில் அங்கே மிச்சம் நின்றது என்ன தெரியுமா? வெள்ளை வெளேரென்று கண்ணைக் கூசவைக்கிற ஒரு பாலைவனம். மண் ஒரு பிடி கிடையாது. பாறைத் தரை வெயிலில் அடுப்புக்கல் மாதிரி காயும். கொஞ்சம் தோண்டினால் தண்ணீர் வரும், ஆனால் உப்புத் தண்ணீர். பக்கத்திலேயே மாலிந்திக்குப் போகிற நெடுஞ்சாலை. அந்தக் கடற்கரைக்கு வெளிநாட்டுப் பயணிகள் வர ஆரம்பித்திருந்த காலம் அது. ஓட்டலுக்குப் போகிறவர்கள் கண்ணில் முதலில் படுவது இந்தக் காயம்.

அந்தக் கம்பெனியில் ரெனே ஹாலர் என்று ஒருவர் இருந்தார். சுவிட்சர்லாந்துக்காரர், தோட்டக்கலையும் வெப்பநாட்டு வேளாண்மையும் படித்தவர். 1959-ல் அவரை வேலைக்கு எடுத்தது காடு வளர்ப்பதற்காக இல்லை. ஆலையில் வேலை செய்கிற தொழிலாளர்களுக்குக் காய்கறி, பழம் விளைவித்துக் கொடுப்பதற்காக! அதாவது, நம்மைப்போல ஒரு பயிர்க்காரர். பின்னால் நடந்ததற்கெல்லாம் இதுதான் காரணம் என்று நான் நினைக்கிறேன். ஒரு என்ஜினீயரிடம் விட்டிருந்தால் மண்ணைக் கொண்டுவந்து கொட்டி மூடப் பார்த்திருப்பார். அவ்வளவு பெரிய பள்ளத்துக்கு மண் எங்கே போவது? இன்னொரு இடத்தைத் தோண்டித்தான் கொண்டுவரவேண்டும். ஹாலர் பயிர்க்காரர் புத்தியோடு பார்த்தார். "இந்த இடத்தில் தானாக எது பிழைக்கும்?" என்று கேட்டார்.

1971-ல் வேலை ஆரம்பமாயிற்று. பாறைத் தரையில் சிறு சிறு குழி போட்டு, 26 வகை மரக்கன்றுகளை நட்டுப் பார்த்தார். நட்டுவிட்டு, எது சாகிறது எது நிற்கிறது என்று கவனித்தார். இருபத்தாறில் மூன்று நின்றன. ஒன்று, சோமாலியா நாட்டு மரம், டமாஸ் என்று பெயர். இரண்டாவது தென்னை. மூன்றாவது, நம்ம சவுக்கு.

சவுக்கு என்றதும் கடலூர், விழுப்புரம் பக்கத்து நண்பர்கள் சிரிப்பது எனக்குத் தெரிகிறது. "சவுக்கு எங்கே வைத்தாலும் வருமே, இதுக்கு சுவிட்சர்லாந்திலிருந்து ஆள் வரணுமா?" என்பீர்கள். நியாயம்தான். ஆஸ்திரேலியாப் பக்கத்திலும் தென்கிழக்கு ஆசியாவிலும் பிறந்த இந்த மரம், போன நூற்றாண்டுக்கு முந்தைய நூற்றாண்டிலேயே நம்ம கடற்கரை மணலுக்கு வந்து, ரயில் என்ஜினுக்கு விறகாகி, பந்தல்காலாகி, சாரம் கட்டுகிற கழியாகி, இன்றைக்குக் காகித ஆலை வரைக்கும் போய்விட்டது. உப்புக் காற்றையும் உப்புத் தண்ணீரையும் தாங்கும். அதைவிட முக்கியமான குணம் வேரில் இருக்கிறது. நிலக்கடலை வேரில் முடிச்சு முடிச்சாக இருந்து காற்றிலிருக்கும் தழைச்சத்தைப் பிடித்துக் கொடுக்கிற நுண்ணுயிர் பற்றி இந்த நிகழ்ச்சியில் பலமுறை கேட்டிருப்பீர்கள். சவுக்கு வேரிலும் அப்படி முடிச்சு உண்டு. அதில் குடியிருப்பது வேறு இனம், ஃபிராங்கியா என்று பெயர். பழைய சவுக்குத் தோப்பு மண்ணைக் கொஞ்சம் எடுத்துவந்து புது நாற்றங்காலில் தூவினால் கன்று ஒரு தனி வேகத்தோடு வரும் என்பது அனுபவப்பட்டவர்களுக்குத் தெரியும். யூரியா வாங்கிக் கொட்ட வழியில்லாத வெறும் பாறையில் அந்த மரம் தன் உரத்தைத் தானே சம்பாதித்துக்கொண்டது.

மரம் வளர்ந்தது. வேர் பாறை இடுக்கில் இறங்கி உப்புத் தண்ணீரையும் எட்டிவிட்டது. நிழல் விழுந்தது. கம்பெனிக்காரர்களுக்குச் சந்தோஷம். இதோடு விட்டிருந்தால் கதை முடிந்திருக்கும், ஒரு சவுக்குத் தோப்போடு. ஆனால் ஹாலருக்கு ஒரு விஷயம் உறுத்தியது. உங்களுக்கும் தெரிந்த விஷயம்தான் அது.

சவுக்குத் தோப்புக்குள் போனால் காலடியில் மெத்தை மாதிரி இருக்கும். ஊசி ஊசியாக உதிர்ந்த சருகு. இலை என்கிறோம், உண்மையில் அவை மெல்லிய குச்சிகள். அந்தச் சருகில் துவர்ப்பு அதிகம், டானின் என்பார்கள். கறையான்கூட அவ்வளவு சீக்கிரம் தொடாது. லேசில் மக்காது. நம்ம ஊரில் இது ஒரு கஷ்டமாகத் தெரியவில்லை, ஏனென்றால் பெண்கள் வாரிக்கொண்டு போய் அடுப்பெரிக்கிறார்கள். பம்புரியிலோ சருகு வருஷாவருஷம் குவிந்துகொண்டே போயிற்று. மக்கவில்லை, மண் உண்டாகவில்லை. மண் இல்லாமல் சவுக்கைத் தவிர வேறெதுவும் முளைக்காது. காடு வேண்டும் என்று நினைத்த மனுஷருக்குக் கையில் கிடைத்தது ஒரு விறகுத் தோப்பு.

இப்போதுதான் அந்தப் பூச்சி வருகிறது. மழை பெய்து ஓய்ந்தால் நம்ம வேலியோரத்தில், கொல்லையில், வரிசையாகக் காலை அசைத்துக்கொண்டு ஊர்ந்து போகுமே, தொட்டால் காசு மாதிரி சுருண்டுகொள்ளுமே, மரவட்டை. பிள்ளைகள் ரயில் பூச்சி என்பார்கள். கென்யாக் கடற்கரையிலும் சிவந்த கால்களோடு ஒரு பெரிய மரவட்டை உண்டு. வேடிக்கையைப் பாருங்கள், அங்கேயும் அதற்கு ரயில் என்றுதான் பெயர்: 'மொம்பாசா ரயில்'. பிள்ளைகள் புத்தி எல்லா நாட்டிலும் ஒன்றுதான் போலிருக்கிறது.

இந்த மரவட்டை சவுக்குச் சருகைத் தின்பதை ஹாலர் பார்த்தார். தின்கிறது, செரிக்கிறது, கறுப்பாகப் புழுக்கை போடுகிறது. அந்தப் புழுக்கையை மற்ற நுண்ணுயிர்கள் எடுத்துக்கொண்டு மட்காக மாற்றுகின்றன. அவ்வளவுதான்! நூற்றுக்கணக்கில் மரவட்டைகளைப் பிடித்துக்கொண்டு வந்து தோப்புக்குள் விட்டார்கள். அவை பெருகின. விரற்கடை விரற்கடையாக அந்த வெள்ளைப் பாறைமேல் கறுப்பு மண் ஏறியது. மண்புழு உழவனின் நண்பன் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். மரவட்டையை எந்தப் பாடப்புத்தகமும் அப்படி மதித்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. இனிமேல் வாசல் தெளிக்கும்போது அதைத் துடைப்பத்தால் ஓங்கி அடிக்காமல் எரு குழிப் பக்கம் தள்ளிவிடும்படி தாய்மார்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

மண் வந்ததும் மற்றவை வரிசையில் வந்தன. அந்தக் கடற்கரைக்கே உரிய உள்நாட்டு மர வகைகளை, நூற்றுக்கும் மேலே, சவுக்கு நிழலில் கொண்டுவந்து நட்டார்கள். கன்றுகள் தலை எடுக்க எடுக்கச் சவுக்கை வெட்டி இடம் கொடுத்தார்கள். வெட்டிய மரம் கழியாக விலைபோயிற்று. கென்யாக் கடற்கரையில் வீடு கட்ட சவுக்குக் கழிக்கு எப்போதும் கிராக்கி உண்டு. பறவைகள் வந்தன. அவை எச்சமிட்ட இடத்தில் அத்தி முளைத்தது. பயிர்க்காரர் கண்ணோடு பார்த்தால், முதல் போகத்தை அறுத்து விற்று, அந்த நிழலிலேயே இரண்டாம் போகத்தை வைத்த கணக்கு இது.

தண்ணீரையும் சும்மா விடவில்லை. குவாரிப் பள்ளங்கள் சிலவற்றைக் குளமாக்கினார்கள். திலாப்பியா மீன், அதாவது நாம் ஜிலேபிக் கெண்டை என்கிறோமே, அதை வளர்த்தார்கள். முதலைப் பண்ணை வைத்தார்கள். மீன் தொட்டியிலிருந்து வெளியேறுகிற கழிவுத் தண்ணீரில் சத்து இருக்கிறது அல்லவா, அதை வீணாக்காமல் பாசனத்துக்கும் ஆகாயத்தாமரைக் குட்டைக்கும் திருப்பினார்கள். ஈலாண்ட் என்ற பெரிய மான்வகையையும் ஓரிக்ஸ் மானையும் வளர்த்தார்கள். பிற்பாடு ஒட்டகச்சிவிங்கி வந்தது, நீர்யானை வந்தது, பெரிய ஆமைகள் வந்தன. கம்பெனி இதற்கென்று தனியாக ஒரு கிளை நிறுவனமே வைத்தது. அதற்குப் பாவோபாப் பண்ணை என்று பெயர். பாவோபாப் என்பது நம்ம ராமநாதபுரம் பக்கத்தில் அரபு வியாபாரிகள் கொண்டுவந்ததாகச் சொல்கிற பொந்தன்புளி மரம்தான்.

1984-ல் அந்தக் காட்டுக்குள் நடைபாதை அமைத்து, பொதுமக்களுக்கு வாசலைத் திறந்துவிட்டார்கள். டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே போனால், மர நிழலில் நடந்தே குளம், மீன், முதலை, நீர்யானை எல்லாம் பார்த்து வரலாம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்தார்கள். கடற்கரை ஓட்டல்களில் தங்குகிற வெளிநாட்டார் வந்தார்கள். வேறொரு பகுதியில், நடப்பவர்களுக்கும் ஓடுபவர்களுக்கும் சைக்கிள் மிதிப்பவர்களுக்கும் என்று காட்டுவழிகள் தனியாகப் போடப்பட்டன. 1987-ல் ஐக்கிய நாடுகள் சபையின் சுற்றுச்சூழல் அமைப்பு ஹாலருக்கு 'குளோபல் 500' என்ற விருதைக் கொடுத்தது. 1999-ல் அந்தப் பூங்காவுக்கே ஹாலர் பூங்கா என்று பெயர் வைத்தார்கள். ஒரு தோட்டக்காரர் பேரில் ஒரு காடு!

அந்தப் பூங்காவை உலகமெல்லாம் தெரியவைத்தது ஒரு சின்னச் சம்பவம். 2004 டிசம்பரில் வந்த சுனாமி நமக்கு மறக்கக்கூடியதா? நாகப்பட்டினத்தில் ஏறிய அதே அலை ஆப்பிரிக்கக் கரை வரைக்கும் போயிற்று. அந்த நேரத்தில், மாலிந்திப் பக்கம் தாயைப் பிரிந்து கடலில் மாட்டிக்கொண்டு தவித்த நீர்யானைக் குட்டி ஒன்றை மீனவர்களும் ஊர்க்காரர்களும் வலைபோட்டு இழுத்துக் காப்பாற்றி, இந்தப் பூங்காவுக்குக் கொண்டுவந்து விட்டார்கள். ஓவன் என்று பெயர் வைத்தார்கள். அந்தக் குட்டி நேராக அங்கேயிருந்த ஒரு கிழட்டு ஆமையிடம் போய் ஒண்டிக்கொண்டது. ம்ஸே என்பது ஆமையின் பெயர். சுவாஹிலி பாஷையில் 'பெரியவர்' என்று அர்த்தம். நூற்று முப்பது வயது இருக்கும் என்று சொன்னார்கள். இரண்டும் சேர்ந்தே தின்றன, சேர்ந்தே படுத்தன. அந்தப் படம் பத்திரிகைகளில் வந்தபின் அதைப் பார்க்கவென்றே ஆட்கள் வந்தார்கள். முப்பது வருஷத்துக்கு முன்னால் அதே இடத்தில் ஒரு ஓணான் ஒதுங்கக்கூட நிழல் கிடையாது.

சரி, இதற்கெல்லாம் பணம் யார் கொடுத்தது? நீங்கள் கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். கல் எடுத்த கம்பெனிதான் கொடுத்தது. கவனிக்க வேண்டிய விஷயம், அது *எப்போது* கொடுத்தது என்பதுதான். ஒரு பக்கம் கல் போய்க்கொண்டிருந்தது, இன்னொரு பக்கம் கல் தீர்ந்த துண்டில் கன்று வைத்துக்கொண்டிருந்தார்கள். குழி போட மிஷின் அங்கேயே நின்றது. ஆள் அங்கேயே இருந்தார்கள். சிமெண்ட் விற்ற பணம் வந்துகொண்டிருந்தது. கன்று வாங்கவும் காவல் போடவும் அது போதுமானதாக இருந்தது. பிறகு மீனும் கழியும் டிக்கெட்டும் சேர்ந்துகொண்டன. எல்லாவற்றையும் மூடிக்கொண்டு போன பிறகு, இருபது வருஷம் கழித்து, "இந்தக் குழியை ஏதாவது செய்யுங்கப்பா" என்று பஞ்சாயத்துத் தலைவர் கெஞ்சியிருந்தால் யார் வந்திருப்பார்கள்? மிஷின் வாடகைக்கே பஞ்சாயத்து நிதி காணாது.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். பம்புரியைக் காட்டி, "பார்த்தீங்களா, குவாரி தோண்டினால் காடு வரும்" என்று யாராவது உங்களிடம் வந்தால் நம்பிவிடாதீர்கள். அங்கே முதலில் இருந்த கடற்கரைக் காடு வேறு, இப்போது வளர்ந்திருப்பது வேறு. வெட்டியெடுத்த பவளப்பாறை திரும்பி வராது. தவிர, பம்புரிக் குவாரி அகலமாக, ஆழம் குறைவாக வெட்டியது. தண்ணீர் பக்கத்திலேயே இருந்தது. மழையும் வருஷத்துக்கு ஆயிரம் மில்லிமீட்டர் அளவுக்குப் பெய்கிற ஊர். நம்ம ஜல்லிக் குவாரி கருங்கல்லில் செங்குத்தாக இறங்குவது. அதன் அடியில் சவுக்கு வைக்க முடியாது. நல்ல குன்றும், சுனையும், பழைய கல்வெட்டும் இருக்கிற இடத்தைத் தோண்டாமல் விடுவதே மேல். நான் சொல்வது ஏற்கெனவே தோண்டியாகிவிட்ட குழிகளைப் பற்றி.

பணம் பற்றிப் பேசும்போது இங்கிலாந்து நாட்டையும் ஒரு நிமிஷம் எட்டிப் பார்க்கலாம். அங்கே பம்புரி மாதிரி ஒரு கம்பெனியின் மனசை நம்பியிராமல், சட்டத்தால் செய்து பார்த்தார்கள். 2002 ஏப்ரல் மாதம் முதல், தோண்டியெடுக்கிற மணல், சரளை, ஜல்லி ஒவ்வொரு டன்னுக்கும் 1 பவுன் 60 பென்ஸ் வரி போட்டார்கள். அதில் ஒரு பகுதியை நிதியாக ஒதுக்கி, குவாரி இருக்கிற ஊர்களில் நடைபாதை போட, பறவைகள் வாழ்கிற குட்டைகளைக் காப்பாற்ற, ஊர்ப் பொதுக் கட்டடத்தைச் செப்பனிட என்று கொடுத்தார்கள். நல்ல ஏற்பாடு. 2011-ல் அரசாங்கம் சிக்கனம் என்று சொல்லி அந்த நிதியை நிறுத்திவிட்டது. வரி மட்டும் நிற்கவில்லை! இதிலிருந்து என்ன தெரிகிறது என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டாம். வாய்க்கால் வரி கட்டுகிறவர்களுக்கு இது புதுக் கதை இல்லை.

நம்ம நாட்டிலும் இதற்கு வழி இல்லாமல் இல்லை. 2015-ல் கனிமச் சட்டத்தைத் திருத்தி, சுரங்கம் இருக்கிற மாவட்டங்களில் மாவட்டக் கனிம அறக்கட்டளை என்று ஒன்று வைக்கச் சொன்னார்கள். குத்தகைக்காரர் அரசுக்குக் கட்டுகிற உரிமத் தொகையோடு ஒரு பங்கை இதற்கும் கட்டவேண்டும். சுரங்கத்தால் பாதிக்கப்பட்ட ஊர்களுக்குத்தான் அதைச் செலவு செய்யவேண்டும். குடிநீர், சுகாதாரம், கல்வி, சுற்றுச்சூழல் இவையெல்லாம் முன்னுரிமைப் பட்டியலில் இருக்கின்றன. கலெக்டர்தான் தலைவர். இந்தப் பணம் உங்கள் மாவட்டத்தில் எவ்வளவு இருக்கிறது, எதற்குச் செலவானது என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்?

குழியை நல்லதற்குத் திருப்பின உதாரணமும் நம்ம தேசத்திலேயே உண்டு. டில்லிக்குப் பக்கத்தில் குருகிராமில் ஆரவல்லிக் குன்றின் ஒரு துண்டைக் கல் வெட்டி, ஜல்லி உடைத்துச் சின்னாபின்னமாக்கி வைத்திருந்தார்கள். மிச்சம் சீமைக்கருவேல். 2010 முதல் ஊர்ப் பொதுமக்களும் மாநகராட்சியும் சேர்ந்து, அந்தக் குன்றுக்கே உரிய பழைய மர வகைகளை விதை பொறுக்கி, நாற்றுவிட்டு நட்டார்கள். கருவேலை ஒரேயடியாக வெட்டாமல், நாட்டு மரம் தலையெடுக்கிறபடி கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தார்கள். நடைபாதைகள் போட்டார்கள். காலையில் ஜனங்கள் நடக்கிறார்கள், பறவை பார்க்கிறார்கள். வறண்ட பாறைபூமி அது. பம்புரி மாதிரி நீர்வளம் கிடையாது. 2022-ல் அந்த இடத்துக்கு இந்திய அளவில் முதல் முறையாக ஒரு தனி இயற்கைப் பாதுகாப்பு அந்தஸ்தே கிடைத்தது.

இன்னும் பக்கத்தில் வரலாம். சென்னைக்குத் தெற்கே, மேடவாக்கம் பக்கத்தில் நன்மங்கலம் காப்புக்காடு. நடுவில் பழைய கல்குவாரிப் பள்ளம், தண்ணீர் நிறைந்து நிற்கிறது. அந்தச் செங்குத்துப் பாறைச் சுவரின் விளிம்புகளில் கொம்பன் ஆந்தை குடியிருக்கிறது. காதுபோல இரண்டு கொம்புத் தூவி வைத்திருக்குமே, அந்தப் பெரிய ஆந்தை. அதைப் பார்க்கப் பட்டணத்திலிருந்து பைனாகுலரோடு வருகிறார்கள். பைனாகுலர் இல்லாத நமக்கும் அந்த ஆந்தையால் லாபம் உண்டு. ராத்திரியில் அது முக்கியமாகப் பிடிப்பது எலி. வயல் எலி, வெள்ளெலி. ஒரு ஜோடி ஆந்தை குஞ்சு வைத்திருக்கிற மாசத்தில் எத்தனை எலியைத் தூக்கும் என்று நெல் போட்டவர்கள் யோசித்துப் பார்க்கலாம். அபசகுனம் என்று கல்லெறிகிறோம். நஷ்டம் நமக்குத்தான்.

தண்ணீர் விஷயமும் அப்படியே. 2019-ல் சென்னை குடிநீருக்குத் தவித்தபோது, மாங்காடு பக்கத்துச் சிக்கராயபுரம் குவாரிக் குட்டைகளிலிருந்து தண்ணீர் எடுத்துச் சுத்தப்படுத்தி நகரத்துக்குக் கொடுத்தார்கள். குழி என்று ஒதுக்கினதுதான் அன்றைக்குக் குடம் நிரப்பியது.

ஹாலருடைய கதையில் கடைசியாக ஒரு துண்டு பாக்கி இருக்கிறது. 2004-ல் அவர் பேரில் ஓர் அறக்கட்டளை தொடங்கினார்கள். குவாரியில் கற்றதை மொம்பாசாவைச் சுற்றியுள்ள சிறு விவசாயிகளின் நிலத்துக்குக் கொண்டுபோவது அதன் வேலை. வீணாய்ப் போகிற மழைத்தண்ணீரைத் தேக்கக் குட்டை வெட்டுவது, அதில் மீன் விடுவது, அந்தத் தண்ணீரை வைத்துக் காய்கறி போடுவது, காய்ந்த நிலத்தில் மரம் வைப்பது. தொழிலாளிக்குக் காய்கறி விளைவிக்க வந்தவர் சுற்றிச் சுற்றி மறுபடியும் காய்கறிப் பாத்திக்கே வந்து சேர்ந்தார்!

உங்கள் ஊரில் குவாரி ஓடிக்கொண்டிருந்தால், அதற்குச் சுரங்கத் திட்டம் என்று ஒரு காகிதம் இருக்கும். முடிந்த பிறகு குழியை எப்படி விட்டுப் போகவேண்டும் என்று அதில் எழுதியிருக்கவேண்டும்: படிப்படியாகச் சரிவு வெட்டுவது, வேலி, மரம், தண்ணீர். பெரிய குவாரி என்றால் ஆரம்பத்திலேயே பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டமும் நடக்கும். அந்தக் கூட்டத்தில், ஒன்று சத்தம் போட்டுவிட்டு வருகிறோம், அல்லது போகாமலே இருந்துவிடுகிறோம். எட்டாவது வருஷம் வேலி எங்கே வரும், கரையில் என்ன மரம் வரும், யார் தண்ணீர் ஊற்றுவார் என்று அங்கேயே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளலாம். மிஷின் ஊரில் நிற்கும்போதே சரிவு வெட்டச் சொல்லலாம். லாரி போன பிறகு கேட்டால் ஆள் கிடைக்கமாட்டார். எங்கள் ஊரில் கிடைக்கவில்லை.

எங்கள் ஊர்க் குழிக்கு வேலி போடவேண்டும் என்று இந்தத் தடவை கிராம சபையில் எழுதிக் கொடுத்திருக்கிறோம், அறக்கட்டளைப் பணத்திலிருந்து. இறங்குகிற பக்கம் படி, மேல்கரையைச் சுற்றி ஒரு நடைபாதை. பாதையோரம் வைக்க வேம்பும் புங்கமுமாக இருநூறு கன்றுக்கு நாற்றங்காலில் சொல்லியாகிவிட்டது. மேற்குச் சுவரில் ஆந்தை இருப்பதாக மாடு மேய்க்கிற பிள்ளைகள் சொல்கிறார்கள். போன வாரம் சாயந்திரம் போய் இருட்டும்வரை உட்கார்ந்து பார்த்தேன். ஆந்தை கண்ணில் படவில்லை, பாறை விளிம்பில் எச்சம் மட்டும் வெள்ளையாக இருந்தது.